தொட்டுப் படிக்கும் தமிழ்: பிரெயில் எழுத்தமைப்பும் கணினிக் குறியாக்கமும்

உடற்குறையுடையோரும் ஏனையோரும் ஒருங்கே பங்கேற்கத்தக்க சமூகச் சூழலை எவ்வாறு அமைப்பது என்னும் வினா எழும்போது, சாய்தளமும் அகன்ற கதவும் தாழ்தளப் பேருந்துமே பெரும்பாலும் விடையாகச் சொல்லப்படுகின்றன. அவை வேண்டியவையே. ஆயினும் ஒரு பொதுநூலகத்தின் வாயிலில் சாய்தளம் அமைத்து, நடைவழியில் காலால் உணரத்தக்க ஓடுகளைப் பதித்து, பார்வையற்ற வாசகர் ஒருவரை நூலடுக்கு வரையில் பிறர் துணையின்றி வரச் செய்துவிட்டதாகக் கொள்வோம். அடுக்கிலிருந்து அவர் எடுக்கும் நூல் அவருக்கு வெறுந்தாளாகவே இருக்கும். அவ்விடத்தில் குறுக்கே நிற்கும் தடை எழுத்துத்தான். எழுத்தைப் பற்றிய ஆராய்ச்சி நம் துறையைச் சார்ந்தது. ஆகவே இத்தடையை நீக்கும் பொறுப்பில் ஒரு பங்கும் நம்மைச் சாரும். பார்வையற்றோர் தாமே தமிழ் படிப்பதற்கு இன்றுள்ள இரு வழிகளாகிய பிரெயில் எழுத்தையும் கணினி ஒலிவாசிப்பையும் மொழியியல் நோக்கில் விளக்குவதும், அச்சிடுவோரும் மொழிபெயர்ப்போரும் ஆய்வாளரும் தம்மையறியாமலே அவ்வழிகளை எங்கெங்கு அடைத்துவிடுகின்றனர் என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உடற்குறையுடையோர் 2.68 கோடிப் பேர். அவருள் பார்வைக்குறையுடையோர் ஏறத்தாழ 50.3 லட்சம். இவர்களைச் சுட்டும் சொற்கள் அண்மைக் காலத்தில் பலமுறை மாறியுள்ளன. தமிழக அரசு வழக்கில் 'ஊனமுற்றோர்' என்பது நீங்கி 'மாற்றுத்திறனாளிகள்' என்பது நிலைபெற்றது. இந்தி வழக்கில் 2015க்குப் பின் 'திவ்யாங்' என்னும் சொல் புகுந்தது. பெயர்கள் பற்றிய இவ்விவாதம் தேவையற்றதன்று. ஆனால் அவ்விவாதத்தில் மொழியறிஞர் காட்டிய அக்கறையில் ஒரு சிறு பங்கையேனும் அவ்வாசகர் படிக்கும் எழுத்தின் மீது காட்டியதாகத் தெரியவில்லை. இக்கட்டுரை பேசும் பொருள் கண்ணால் படிக்க இயலாமை என்பதால், 'பார்வையற்றோர்' என்னும் நேரான சொல்லே இங்குக் கையாளப்படுகிறது.

பொதுக்குறியீடு தோன்றிய வரலாறு

லூயி பிரெயில் (1809-1852) 1829இல் வெளியிட்ட எழுத்துமுறை ஆறு புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்தை அலகாகக் கொண்டது. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும், வலப்பக்கம் அவ்வாறே 4, 5, 6 என்றும் புள்ளிகளுக்கு எண் தரப்படும். எப்புள்ளி எழுந்திருக்கிறது, எது எழவில்லை என்னும் வேறுபாட்டால் 63 வடிவங்கள் கிடைக்கின்றன. விரல்நுனி ஒருமுறை தொட்டு முழுதும் உணரத்தக்க அளவு அது; கட்டம் அதனினும் பெரிதாயின் விரலை மேலுங்கீழும் அசைக்க வேண்டியிருக்கும்.

இந்தியாவில் பார்வையற்றோர்க்கான முதற்பள்ளியை 1887இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் என்னும் அம்மையார் தொடங்கினார். 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி தமிழகத்திற்கு முன்னோடியாயிற்று. பள்ளிகள் பெருகப் பெருகக் குறியீடுகளும் பெருகின. ஒவ்வொரு மொழிப்பகுதியிலும் ஆசிரியர் தமக்குத் தோன்றியவாறு அறுபத்து மூன்று வடிவங்களைத் தம் மொழியெழுத்துக்குப் பங்கிட்டுக்கொண்டனர். ஒரே மொழிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் வழங்கியதும் உண்டு. ஒரு பள்ளியில் படித்தவர் மற்றொரு பள்ளியின் நூலைத் தொட்டால் அது அவருக்கு அயல்மொழியாயிற்று. விடுதலைக்குப் பின் 1949இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோவின் முன் வைத்தது. 1951இல் பெய்ரூட் நகரில் கூடிய வட்டார மாநாட்டின் முடிவுகளையொட்டி, அவ்வாண்டிலேயே இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான 'பாரதி பிரெயில்' ஏற்கப்பட்டது. டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் அவ்வாண்டில் அமைந்தது.

பாரதி பிரெயிலின் அடிப்படைக் கொள்கை எளியது: எல்லா இந்திய மொழிகளிலும் ஒத்த ஒலிக்கு ஒரே வடிவம், இயலுமிடத்தில் அவ்வடிவம் உலக வழக்கோடும் ஒத்திருத்தல். எனவே ககரத்துக்குரிய 1-3 புள்ளிகள் ஆங்கிலத்தின் 'கே' என்னும் எழுத்துக்கும் உரியவை. பகரம், மகரம், லகரம், ரகரம் ஆகியனவும் அவ்வாறே. இதன் விளைவு வியப்புக்குரியது. கண்ணுடையார் ஒருவர் தமிழும் மலையாளமும் தெலுங்கும் வங்காளமும் இந்தியும் படிக்க விரும்பினால் ஐந்து வரிவடிவங்களைக் கற்க வேண்டும். பிரெயில் வாசகர்க்கு வேண்டியது ஒரே நெடுங்கணக்கும், மொழிக்கு மொழி வேறுபடும் சில எழுத்துகளுமே. கண்பார்வையுடையோர் நெடுங்காலம் பேசியும் எய்தாத பொதுலிபியைப் பார்வையற்றோர் 1951லேயே பெற்றுவிட்டனர்.

தமிழ் எழுத்திலக்கணமும் பிரெயிலும்

தமிழ் நெடுங்கணக்கு 247 எழுத்துகளைக் கொண்டது எனினும், பிரெயிலில் தமிழை எழுத உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம், புள்ளி என 32 வடிவங்கள் போதும். கிரந்த எழுத்துகளுக்குச் சில வடிவங்கள் தனி. உயிர்மெய்க்கெனத் தனிவடிவம் எதுவும் இல்லை. 'கொ' என்பதை அச்சில் எழுதுகையில் ஒற்றைக்கொம்பு முன்னும் துணைக்கால் பின்னுமாக ஒகரம் இரண்டாகப் பிளவுபடுகிறது. பிரெயிலில் ககரத்தை அடுத்து ஒகரம் முழுதாக நிற்கிறது. முதலெழுத்து முப்பது என்றும், உயிர்மெய் அவற்றின் சேர்க்கை என்றும் நம் இலக்கண நூலார் கண்ட பகுப்பு, வரிவடிவத்தில் மறைந்து கிடப்பினும் புள்ளிவடிவத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது.

ஆயினும் இவ்வொப்புமையை எல்லை கடந்து நீட்டுதல் கூடாது. பிரெயிலில் மெய்யெழுத்தின் வடிவம் தனித்து நிற்பின் அது அகரமேறிய மெய்யையே குறிக்கும். அகரத்தை நீக்கவே புள்ளி வேண்டும். இது இந்திய வரிவடிவங்களின் பொதுநெறி. புள்ளிக்குரிய வடிவம் (4ஆம் புள்ளி மட்டும்) மெய்க்கு முன்னே இடப்படுகிறது என்பது மற்றொரு வேறுபாடு. 'தமிழ்' என்னும் சொல் த, ம, இ, புள்ளி, ழ என ஐந்து கட்டங்களாகும். தொட்டுப் படிப்பவர்க்கு இவ்வமைப்பே பொருத்தமானது. கண் ஒரே நோக்கில் எழுத்தையும் அதன் தலைமேல் உள்ள புள்ளியையும் காண்கிறது. விரலோ ஒன்றன்பின் ஒன்றாகவே அறிகிறது. வரப்போவது ஒற்று என்று முன்னரே அறிவிக்கப்படுவதால், விரல் படித்ததைத் திருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

உயிர்மெய்யில் உயிர் முழுவடிவில் நிற்பதால் ஓர் ஐயம் எழலாம். அகரமேறிய மெய்யை அடுத்து ஒரு தனியுயிர் வந்தால், அதை உயிர்மெய்யின் பகுதியெனக் கொள்வதா, தனியுயிரெனக் கொள்வதா? இந்தியில் இத்தகைய சொற்கள் உள்ளமையால் இடையில் அகரத்தை எழுதிப் பிரிக்கின்றனர். தமிழில் இத்தொல்லை அரிது. சொல்லுக்குள் ஈருயிர் மயங்காவண்ணம் உடம்படுமெய் தோன்றிக் காத்துவிடுகிறது. 'தழீஇ', 'உடுப்பதூஉம்' போன்ற அளபெடைச் சொற்களில் நெட்டுயிரை அடுத்துக் குற்றுயிர் வருவதால் அங்கும் குழப்பமில்லை. புணர்ச்சி விதிகளை வகுத்தோர் இப்பயனை எண்ணியிருக்க இயலாது. ஆயினும் பயன் பயன்தான்.

எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு திராவிட மொழிகளின் தனியியல்பு. பாரதி பிரெயில் இதையும் பேணியுள்ளது. இந்தியோடு ஒத்த நெடில்களாகிய ஏகாரத்துக்கு 1-5, ஓகாரத்துக்கு 1-3-5 என்னும் வடிவங்களும், குறில்களாகிய எகரத்துக்கு 2-6, ஒகரத்துக்கு 1-3-4-6 என்னும் வடிவங்களும் அமைந்தன. அவ்வாறே ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும், ந, ன, ண மூன்றும் வெவ்வேறு வடிவங்கள் பெற்றன.

இவற்றுள் ணகரத்தின் வடிவம் தனிக் கவனத்துக்குரியது. அதற்குரிய 3-4-5-6 என்னும் வடிவமே உலக வழக்கில் எண்குறியாகவும் பயன்படுகிறது. அக்குறியின்பின் வரும் முதற்பத்து ஆங்கில எழுத்துகளின் வடிவங்கள் எழுத்தென்னும் நிலை நீங்கி எண்ணாகும். ஒரே வடிவம் எழுத்தாகவும் எண்குறியாகவும் நின்றால் குழப்பம் நேராதா? தமிழில் நேராது; ஏனெனில் ணகரம் மொழிமுதலில் வாராது. சொல்லின் தொடக்கத்தில் அவ்வடிவம் வந்தால் அது எண்குறி. இடையில் வந்தால் ணகரம். மொழிமுதல் எழுத்துகள் பற்றிய நூற்பாவைப் படியாத சிறுவனும் விரலால் இவ்விதியைப் பின்பற்றுகிறான். விதி பிறழுமிடம் இலக்கணம் எழுதுவோர் பக்கமே. 'ணி' என்னும் எழுத்தை எடுத்துக்காட்டாகத் தனியே எழுதினால், எண்குறியை அடுத்து இகரம் நிற்பதால் அது 9 எனப் படிக்கப்படும். 'ணே' என்பது 5 ஆகும். நெடுங்கணக்குப் பட்டியலையும் எழுத்ததிகாரப் பாடத்தையும் பிரெயிலாக்குவோர் இவ்விடங்களில் தனிக்குறிப்புத் தருதல் வேண்டும்.

பருமன் என்னும் இடையூறு

பிரெயிலின் பெருங்குறை அதன் பருமன். பெரிய அளவுத் தாளில் வரிக்கு 40 கட்டங்கள், பக்கத்துக்கு 25 வரிகள் என்பது ஒரு வழக்கமான அளவு. 'வந்துகொண்டிருந்தார்கள்' என்னும் சொல் அச்சில் 12 எழுத்து. பிரெயிலில் 22 கட்டம். அத்தகைய இரு சொற்கள் ஒரே வரியில் அடங்கா. தடித்த தாளும் எழும்பிய புள்ளிகளும் சேர்ந்து, கைக்கடக்கமான ஒரு நாவலைப் பல தொகுதிகளாக்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களுக்கும் எழுத்துச் சேர்க்கைகளுக்கும் ஒற்றைக் கட்டச் சுருக்கங்கள் நெடுநாளாக வழங்குகின்றன. தமிழ் நூல்கள் பெரும்பாலும் சுருக்கமின்றியே அச்சாகின்றன.

தமிழுக்குச் சுருக்கமுறை வகுப்பது ஓர் உருபனியல் ஆராய்ச்சி. ஆங்கிலத்தில் சொல் ஏறத்தாழ மாறா வடிவினது. தமிழில் மிகுதியும் திரும்பத் திரும்ப வருவன விகுதிகளும் உருபுகளும் துணைவினைகளும். 'கள்', 'இலிருந்து', 'கொண்டிரு' போன்றவற்றுக்குச் சுருக்கம் தந்தால் கட்டம் மிகவும் மிச்சமாகும். ஆனால் புணர்ச்சியில் அவற்றின் முதலும் ஈறும் மாறுமே; மாறிய வடிவுக்கும் அதே சுருக்கம் செல்லுமா? சுருக்கம் தொடங்குமிடம் எழுத்தெல்லையா, உருபனெல்லையா? இவ்வினாக்களுக்கு விடைகாணச் சொற்றொகையும் நிகழ்வெண்ணும் வேண்டும். தமிழில் பயன்படாத 'க', 'த', 'ப' ஆகியவற்றின் ஒலிப்புடை இணைகளுக்குரிய வடிவங்கள் ஒழிவாக இருப்பதால் அவற்றைச் சுருக்கத்துக்குக் கொள்ளலாம் என்று தோன்றும். அவ்வாறு செய்தால் பிற இந்திய மொழிகளோடு உள்ள பொதுமை குலையும். தமிழ் மட்டும் படிப்பவர்க்கு அது நட்டமன்று. இந்தியோ மலையாளமோ உடன் படிக்கும் மாணவர்க்கு நட்டமே. பொதுமையைக் காப்பது மேல் என்பது என் துணிபு.

ஒலியால் படித்தலும் விரலால் படித்தலும்

கணினியும் கைப்பேசியும் பரவியபின், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பு மென்பொருள்கள் பார்வையற்றோரிடையே பெருவழக்காயின. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. ஈஸ்பீக் என்னும் பேச்சுப்பொறி தமிழையும் ஒலிக்கிறது. தாளின் பருமன், தொகுதிகளின் விலை, அச்சகத்திற்குக் காத்திருத்தல் ஆகிய இடர்கள் இவற்றால் நீங்கின. இனிப் பிரெயில் எதற்கு என்று கேட்போரும் உளர். இவ்வினாவுக்கு மொழியியலார் தெளிவாக விடையிறுக்க முடியும்.

தமிழில் எழுத்து வேறுபாடுகள் சில ஒலியில் இல்லை. நகரமும் னகரமும் இன்றைய வழக்கில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. 'முந்நூல்' என்பதும் 'முன்னூல்' என்பதும் காதுக்கு ஒன்று, பொருள் வேறு. ரகர றகர வேறுபாடு பல வட்டாரங்களில் மறைந்துவிட்டது. 'அரம்', 'அறம்' இரண்டையும் மென்பொருளும் பெரும்பாலும் ஒருபடித்தாகவே ஒலிக்கும். லகர ளகர ழகரங்களின் நிலை நாம் அறிந்ததே. தமிழ் நூல்களைக் காதால் மட்டுமே கேட்டு வளரும் மாணவர் மொழியை நன்கறிவார். அதன் எழுத்துக்கூட்டலை அறியார். தேர்வில் அவருக்காக எழுதுபவர் எந்த 'ர' என்று கேட்டால் விடை சொல்ல இயலாது. கண்ணுடைய மாணவர்க்கு ஒலிநாடா மட்டும் கொடுத்து எழுத்தறிவு தந்துவிட்டதாக எவரும் கூறமாட்டார். பார்வையற்ற மாணவர்க்கு மட்டும் அது போதுமென எண்ணுவது முறையாகாது. 'முந்நூல்' பிரெயிலில் 1-3-4-5 என்னும் வடிவத்தை இருமுறை காட்டும். 'முன்னூல்' 5-6 என்னும் வடிவத்தை இருமுறை காட்டும். விரலுக்கு ஐயமில்லை.

இரு வழிகளுக்கும் பொதுவான ஒரு தேவை உண்டு. ஒருங்குறியில் அமைந்த தமிழ்ப் பாடத்தைப் பிரெயிலாக மாற்றும் கட்டற்ற மென்பொருளான லிப்லூயி தமிழுக்கும் அட்டவணை கொண்டுள்ளது. மாற்றம் பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து நேரானது. ஆங்கிலச் சுருக்க முறையினும் மிக எளியது. எனவே நல்ல மின்பாடம் ஒன்று கிடைத்தால் அதனைக் கேட்கலாம், புள்ளியாக அச்சிடலாம், ஊசிமுனைகள் எழுந்து தாழும் மின்பிரெயில் கருவியில் தொட்டும் படிக்கலாம். சிக்கலெல்லாம் 'நல்ல' என்னும் அடைமொழியில் உள்ளது.

கண்ணை ஏமாற்றும் எழுத்துகள்

1990களில் தமிழ்க் கணினி அச்சுக்கோப்பு பரவியபோது, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்ணிடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் தோன்றின. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பங்கீட்டை வகுத்துக்கொண்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பிரெயில் பள்ளிகளில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது. அத்தகைய கோப்பு திரையில் தமிழாகத் தோன்றும். கணினியின் உள்ளே இருப்பன பொருளற்ற ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பு மென்பொருள் அவற்றையே ஒலிக்கும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி குறியாக்கம் 1988லும் 1991லும் வெளிவந்தது. பாரதி பிரெயிலைப் போலவே அது எழுத்தை ஒலிவரிசையில் வைத்தது. அதன் வழியில் ஒருங்குறி அமைந்தது. இடையே 1999இல் தமிழக அரசு 'டாப்', 'டாம்' என்னும் தரங்களை ஏற்றது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் பதிப்பகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இன்னும் குவிந்து கிடக்கின்றன. நம் துறையின் கருத்தரங்கக் கோவைகளும் அவற்றுள் அடங்கும்.

ஒருங்குறிக்கு மாறியபின்னும் பிழை ஓயவில்லை. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றுவதை விரல் சென்ற விசையில் தட்டிவிடுகின்றனர். 'கௌதமன்' என்பதை எகர உயிர்மெய்யும் ளகரமுமாகத் தட்டி 'கெளதமன்' ஆக்குவது மிகப் பரவலான பிழை. தாளில் வேறுபாடு தெரிவதில்லை. மென்பொருளோ நான்கெழுத்துப் பெயரை ஐந்தெழுத்தாக்கி 'கெ-ள-தமன்' எனப் படிக்கும். பிரெயிலில் ஔகாரத்தின் 2-4-6 என்னும் ஒரே வடிவம் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு வடிவங்கள் நிற்கும். இதனினும் நுட்பமானது ரகர ஒற்று. பழைய எழுத்துருக்களில் துணைக்காலின் தலையில் புள்ளியிட்டு ரகர ஒற்றாகக் காட்டும் வழக்கம் இருந்தது. அக்கோப்புகளை மாற்றிகள் ஒருங்குறிக்குக் கொணரும்போது 'அவர்' என்பது 'அவ' என்பதோடு துணைக்காலும் புள்ளியும் சேர்ந்த ஒரு கலவையாகிவிடுகிறது. கண் 'அவர்' என்றே காண்கிறது. செவி 'அவா' என்று கேட்கிறது. மரியாதைப் பன்மை முழுதும் அவாவாக மாறிய கட்டுரையைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் பொறுமை பாராட்டத்தக்கது.

இப்பிழைகள் பார்வையற்றோரை மட்டும் பாதிப்பனவல்ல. சொற்றொகை அமைக்கும் ஆய்வாளர்க்கு ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து எண்ணப்படும்; தேடல் தவறும்; அகராதிப் பணி சிதையும். பார்வையற்ற வாசகர் நம் பாடங்களின் மிகக் கண்டிப்பான மெய்ப்புத் திருத்துநர் எனலாம்.

எதிர்மறையான சான்றுகளுக்கு நடுவே ஒரு நல்ல சான்றும் கூறத்தக்கது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தமிழிலக்கிய நூல்களைத் தட்டச்சு செய்து, முதலில் திஸ்கி முறையிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டனர். பழந்தமிழ் நூல்களைத் தானே படிக்க விரும்பும் பார்வையற்ற மாணவர்க்கு அது திறந்த வாயிலாயிற்று. நூற்பக்கங்களை ஒளிப்படமாக மட்டும் சேமித்த மின்னூலகங்கள் தொகையில் மிகப் பெரியவை, அரிய பதிப்புகளைக் காத்தவை. எனினும் எழுத்துணரி கொண்டு பாடமாக்கப்படாதவரை அவை அம்மாணவர்க்குப் பூட்டிய அடுக்குகளே. கையொப்பமிட்டு ஒளிவருடிப் படமாக வெளியிடப்படும் அரசாணைகளும் சுற்றறிக்கைகளும் இவ்வகையினவே. தமக்கெனப் பிறப்பிக்கப்பட்ட சலுகை ஆணையையே மற்றொருவரை அழைத்துப் படிக்கச் சொல்லும் நிலை இதனால் நேர்கிறது.

சட்டம் திறந்ததும் தொழில் அடைத்ததும்

சட்ட நிலை இன்று வலுவானது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், உடற்குறையுடையோர் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றுவதைப் பதிப்புரிமை மீறலாகக் கொள்வதில்லை. இதே நோக்கில் 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதலில் ஒப்புறுதி அளித்த நாடு இந்தியா. அது 2016 செப்டம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வாண்டிலேயே சுகம்ய புஸ்தகாலயம் என்னும் இணைய நூலகம் தொடங்கப்பெற்றது. 2016ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, அச்சு, ஒலி, மின் ஊடகங்களின் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டுமென்கிறது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த விதி சட்டத்துக்கு முரணானது என 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உரிமை கிடைத்தும் நூல் கிடைப்பதில்லை என்றால் காரணம் என்ன? பதிப்பாளரின் கணினியில் நூலின் கோப்பு உள்ளது. அது கேட்கப்படுவதில்லை, அல்லது தரப்படுவதில்லை, அல்லது எவரும் படிக்க இயலாத எழுத்துருவில் உள்ளது. தொண்டர் ஒருவர் அச்சிட்ட நூலை வாங்கி, பக்கம் பக்கமாக ஒளிவருடி, எழுத்துணரி செய்த பிழைகளை வாரக்கணக்கில் திருத்தி, மூலக்கோப்பில் இருந்ததையே மீண்டும் உருவாக்குகிறார். சட்டம் இவ்வுழைப்பை அனுமதிக்கிறது. இவ்வுழைப்பே தேவைப்படாதிருக்கச் செய்யவல்லவர் நூலாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் ஆவர். பதிப்பாளரோடு செய்யும் ஒப்பந்தத்தில், இறுதிப் பாடத்தின் ஒருங்குறிக் கோப்பு ஒன்றைத் தமக்குத் தரவேண்டும் என ஒருவரி சேர்ப்பது அவர்களால் இயல்வதே.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க மற்றொன்று, கலைச்சொல்லின் பக்கத்தில் ஆங்கில மூலத்தை அடைப்புக்குறிக்குள் இடும் வழக்கம். ககரமும் 'கே' என்னும் எழுத்தும் ஒரே வடிவமாதலால், மொழி மாறியதைக் காட்டும் குறியின்றி ஆங்கிலச் சொல் புகுந்தால் பிரெயில் வாசகர் அதைத் தமிழாகவே படிப்பார். எழுதுகோலைக் குறிக்கும் 'பென்' என்னும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல், 'பேந' என்னும் பொருளற்ற சொல்லாகிவிடும். ஆங்கிலச் சொற்களை நூலின் இறுதியில் ஓர் அட்டவணையாகத் தருவது எல்லா வாசகர்க்கும் நலம்.

நம் ஆய்வுக்கட்டுரைகளின் வடிவம்

இறுதியாக நம் பக்கங்களுக்கே வருவோம். மொழியியல் கட்டுரையில் எடுத்துக்காட்டுத் தொடர் ஒரு வரியிலும், உருபன் பகுப்பு அதன் கீழும், பொருள் அதற்கும் கீழுமாக, இடைவெளியால் நேர்செய்து அச்சிடப்படுகிறது. கண் மேலுங்கீழும் சென்று பொருத்திக்கொள்ளும். திரைவாசிப்பு மென்பொருள் முதல் வரியை முழுதும் படித்து, அடுத்து இரண்டாம் வரியை முழுதும் படிக்கும். எந்த உருபனுக்கு எந்தப் பொருள் என்பது கேட்பவர்க்கு விளங்காது. பார்வையற்ற மாணவர் ஒருவர் வாக்கியவியல் கற்க முற்பட்டால் முதல் அத்தியாயத்திலேயே தடையுறுவார். அத்தடைக்கும் பாடத்தின் அருமைக்கும் தொடர்பில்லை.

இதற்குத் தீர்வு நம் மரபிலேயே உள்ளது. பதவுரை எழுதிய உரையாசிரியர்கள் சொல்லைச் சொல்லி, உடனே பொருளைச் சொல்லி, அடுத்த சொல்லுக்குச் சென்றனர். 'வந்தான்' என்பதை வா என்னும் பகுதி, ந்த் என்னும் இறந்தகால இடைநிலை, ஆன் என்னும் ஆண்பால் ஒருமை விகுதி என ஒரே தொடராக எழுதினால் கேட்பவர்க்கும் தொடுபவர்க்கும் விளங்கும், காண்பவர்க்கும் குறைவில்லை. அட்டவணைக்குரிய செய்தியை அட்டவணையில் மட்டும் விடாமல் உரையிலும் ஓரிரு வரிகளில் கூறுதல் இவ்வகையினதே.

மரவரைபடங்களுக்கு மட்டும் இவ்வழி முழுதும் போதாது. அவற்றுக்கு இணையாக அடைப்புக்குறிகளால் தொடரமைப்பைக் காட்டும் முறை நம்மிடம் ஏற்கெனவே உண்டு. படத்தோடு அதையும் தந்தால் மென்பொருள் படிக்கும். அடைப்புக்குறி மூன்று நான்கு அடுக்குக்கு மேற்சென்றால், எது எங்கே மூடியது என்பதைக் காதால் கேட்டு நினைவில் வைத்தல் அரிது. விரலால் படிப்பவர் திறந்த குறிக்குத் திரும்பிச் சென்று தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.